கறுப்புத் திரையும் ஒப்புக்கொள்ளாத ஒருவரும்

தீர்ப்பை முதலில் சொல்லிவிட்டு, விசாரணையை நடத்த இப்போதுதான் கிளம்பியிருந்தார் பரிசோதகர். அந்த உறுத்தல் அவருடைய நெஞ்சில் மீன்முள்ளைப் போல் குத்திக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில், கருவிப் பையை மடியில் அணைத்தபடி, வழக்கத்துக்கு மாறாக வாய் மூடி அமர்ந்திருந்தார்.

பெரிய கணினிக் கடையொன்றில் அவருக்கு உத்தியோகம். விற்ற கணினி பழுதென்று புகார் வந்தால், பிழை கடையின்மீதா, தயாரித்தவர்மீதா, வாங்கியவர்மீதா என்று துப்புத் துலக்கிச் சொல்ல வேண்டியது அவருடைய பொறுப்பு. அவர் சொன்னால் முதலாளி மறுபேச்சுப் பேசமாட்டார். அத்தகைய மனிதர், சென்ற வாரம் ஒரு வீட்டிலிருந்து திரை இருண்டுபோவதாக இரண்டாம் முறை புகார் வந்தபோது, ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் தொலைபேசியுமாக நின்றுகொண்டு, "உள்ள இருக்கற கார்டைச் சரியா அழுத்தி உக்கார வெக்கல. பொருத்தினவங்க மேலதான் தப்பு" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டுக்கு மறுபடி போய்ப் பார்க்காமல், பெட்டியைத் திறக்காமல், போகிற போக்கில் சொன்ன சொல் அது.

பொருத்தியவள் கடையில் வேலை செய்யும் பெண். உருவம் சிறிது, எடுத்த வேலையை விடாத பிடிவாதம் பெரிது. ஆகையால் எல்லோரும் அவளைத் திருகாணி என்று அழைப்பார்கள். பரிசோதகரின் சொல்லைக் கேட்ட முதலாளி அவளை வேலை மேசையிலிருந்து எழுப்பி, பின்கட்டில் காலி அட்டைப் பெட்டிகளைக் கிழித்து மடிக்க அனுப்பிவிட்டார். "இன்னைக்குப் போய்ப் பாத்துட்டு முடிவாச் சொல்லிடுங்க சார். அவ தப்புதான்னா நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடறேன்" என்று காலையில் கூறியிருந்தார்.

கிளம்புகையில் பரிசோதகர் பின்கட்டைக் கடந்துதான் வந்தார். திருகாணி ஒரு முறை தலைநிமிர்ந்து பார்த்தாள். மறுபடி அட்டையைக் கிழித்தாள். சண்டை போட்டிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"சார், பின்னாடி ஆள் இருக்கீங்களா, இல்ல பைய மட்டும் அனுப்பிட்டீங்களா?" என்றாள் ஸ்கூட்டரை ஓட்டியவள்.

அவருடைய உதவியாளர் அவள், நாற்பதைக் கடந்தவள், இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியவள். பைக்குள் கிடக்கும் காசுகளைப் போல் ஓயாமல் ஓசை எழுப்பிக்கொண்டிருப்பதால் அவளுக்குச் சில்லறை என்று பெயர். அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டதாகவும் ஒரு பேச்சு உண்டு.

"இருக்கேன். ஒரு கதை நெனச்சிட்டிருந்தேன்."

"வாய்விட்டு நெனைங்க. சிக்னல் சிவப்புலதான் இருக்கு."

"ஒரு காட்டுல ஒரு குளம். தண்ணி எப்பவும் கலங்கியே இருந்துச்சு. யாரு கலக்கறாங்கன்னு கண்டுபிடிக்கறதுக்காக மிருகங்க எல்லாம் சேர்ந்து கரடியைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொல்லுச்சுங்க."

"கரடிக்கு என்ன சம்பளம்?"

"கதையில சம்பளம் கிடையாது."

"அப்ப நம்ம கடை மாதிரிதான். மேல சொல்லுங்க."

"மீன் வந்து, 'நான்தான் துள்ளினேன்'னு அழுதுச்சு. தவளை வந்து, 'நான்தான் குதிச்சேன்'னு அழுதுச்சு. கொக்கு வந்து..."

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. கொக்கு என்ன சொல்லி அழுதது என்பது காற்றோடு போயிற்று.

வீடு இரண்டாம் மாடியில் இருந்தது. வாசலில் செருப்புகள் மனம்போன திசைகளில் கிடந்தன. பரிசோதகர் குனிந்து, அவற்றை இணை இணையாகச் சேர்த்து, சுவரோரம் வரிசையாக வைத்தார். எந்தப் பொருளும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கோணலாகத் தொங்கும் படத்தைக் கண்டால் அவருக்குக் கழுத்து வலிக்கும்.

"செருப்புக்கும் தீர்ப்பு சொல்லியாச்சா சார்?" என்று சில்லறை கேட்டபோது கதவு திறந்தது.

திறந்தவள் அவ்வீட்டு மருமகள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. விரல் நுனியில் சுண்ணக்கட்டியின் வெண்மை. வீட்டிலேயே தையல் தொழில் செய்பவள். "வாங்க சார். அத்தை காலையிலேர்ந்து சாப்பிடல. மெஷினைப் பாக்கறதும் பெருமூச்சு விடறதுமா இருக்காங்க."

கூடத்தின் நடுவே சிறிய முக்காலியில் சதுரங்கப் பலகையொன்று இருந்தது. நன்கு இழைத்த மரக்காய்கள் ஆட்டத்துக்குத் தயாராக அணிவகுத்து நின்றன. சென்ற முறை வந்தபோது, வெள்ளைப் படையில் ஒரு யானையின் கட்டத்தில் நூற்கண்டு ஒன்று பதிலாளாக நின்றிருந்தது. இப்போது நான்கு மூலைகளிலும் கோட்டைச் சுவரைப் போன்ற தலையுடன் நான்கு யானைகளும் இருந்தன. உலகத்தில் இந்த ஒன்றாவது ஒழுங்காக இருக்கிறதே என்று பரிசோதகரின் மனம் சற்றே ஆறியது.

உள்ளறையில் மாமியார் வீற்றிருந்தார். கணினி அவருக்காக வாங்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பேருந்தில் நடத்துநராக நின்றபடி பயணித்தவர் அவர். ஓட்டுநர் இருக்கையில் ஒரு நாள்கூட அமர்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு மகன் வாங்கிக் கொடுத்த இக்கணினியில் லாரி ஓட்டும் விளையாட்டை ஆடுகிறார். மேசையின் விளிம்பில் உண்மையான ஸ்டீயரிங்கைப் போன்ற ஒன்று இறுக்கிப் பூட்டப்பட்டிருந்தது. காலடியில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும். அதே மேசையின்மேல், திரைக்குப் பக்கத்தில், கன்னங்கரேலென்ற இரும்புப் பெட்டியாகக் கணினி நின்றது.

"வாங்க தம்பி" என்றார் மாமியார். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடறேன். அந்தச் சின்னப் பொண்ணு மேல பழியப் போட்டுடாதீங்க. ராசாத்தி மாதிரி வேலை பாத்துச்சு."

மீன்முள் இன்னும் ஆழமாக இறங்கியது.

"என்னம்மா ஆகுது மெஷினுக்கு?" என்று சில்லறை கேட்டாள்.

"ஓட்டிட்டே இருப்பேன். திடீர்னு திரை இருட்டாயிடும். உள்ள இருக்கற காத்தாடி மட்டும் பேய் மாதிரி கத்தும். அப்புறம் அணைச்சுப் போட்டாத்தான் உயிர் வரும்."

கணினியில் படம் காட்டும் வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. அது மயங்கினால் திரை இருண்டுபோகும். அது ஏன் மயங்குகிறது என்பதே கேள்வி. பரிசோதகர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். அவர் பார்த்த வீடுகளிலெல்லாம், "நாங்க தொடவே இல்ல சார்" என்பதே முதல் வாக்கியமாக இருக்கும். மறுப்பைக் குடைந்து உண்மையை எடுப்பதில் அவர் கைதேர்ந்தவர். ஆனால் இந்த வீட்டில் நடந்தது வேறு.

தண்ணீர் கொடுக்கிற சாக்கில் மருமகள் அவரை அடுக்களை வாசலுக்கு அழைத்தாள். "சார், அத்தைக்குத் தெரிய வேணாம். தப்பு என்னோடதுதான். என் இஸ்திரிப்பெட்டியையும் அதே பிளக்கு பலகையில சொருகிட்டேன். அவசரமா ஒரு ஜாக்கெட் தேய்க்க வேண்டியிருந்துச்சு. கரண்டு பத்தாம மெஷின் சுருண்டுடுச்சு போல. நீங்க இத அவங்ககிட்ட..."

"சொல்லல" என்றார் அவர்.

கூடத்துக்குத் திரும்புவதற்குள் மகன் அவருடைய முழங்கையைப் பற்றினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே பேசினார். "சார், வீட்ல சொல்லிடாதீங்க. நண்பன் ஒருத்தன் வந்தப்ப, எங்க மெஷின் எப்படின்னு காட்டறதுக்காகப் படத்தோட தரத்தை உச்சத்துல ஏத்தி வெச்சேன். மறுபடி எறக்க மறந்துட்டேன். பாவம், கார்டால இழுக்க முடியல. என்னாலதான்."

இரண்டு ஒப்புதல் வாக்குமூலங்களோடு பரிசோதகர் உள்ளே வந்தபோது மாமியார் கதவைச் சாத்தினார்.

"தம்பி, எங்க வீட்டு ஆளுங்க இல்லாதப்ப சொல்றேன். நான்தான் காரணம். அந்த விளையாட்டுல ஒரு மலைப்பாதை இருக்கு, குண்டும் குழியுமா. அதுல போகும்போதுதான் எப்பவும் இருட்டும். தார் ரோட்டுல ஒண்ணும் ஆகாது. எனக்கு அந்த மலை பிடிக்கும்னு திரும்பத் திரும்ப அதுலயே விட்டேன். வண்டியக் கெடுத்துட்டேன்."

கருவிப் பையைத் திறந்தபடியே மூன்றையும் காதில் வாங்கியிருந்த சில்லறையால் பொறுக்க முடியவில்லை. "சார், வழக்கமா நம்ம ஒரு குற்றவாளிக்கு ஊரெல்லாம் தேடுவோம். இங்க வந்து வரிசையில நிக்கறாங்க. டோக்கன் கொடுத்துடலாமா?"

"ஒவ்வொண்ணா சோதிப்போம்."

முதலில் மருமகளின் இஸ்திரிப்பெட்டி. அதே பிளக்குப் பலகையில் சொருகி, முழுச் சூட்டில் வைத்துவிட்டு, மாமியாரை லாரி ஓட்டச் சொன்னார். நெடுஞ்சாலையில் லாரி வழுக்கிக்கொண்டு போயிற்று. திரை சிமிட்டக்கூட இல்லை. மருமகள் விடுதலை.

அடுத்து மகனின் வாக்குமூலம். படத்தின் தரத்தை உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு இறக்கினார். மரங்கள் பச்சைக் களிமண் உருண்டைகளாயின. கார்டுக்கு வேலையே இல்லை என்னும் நிலை. "இப்ப மலைப்பாதைக்குப் போங்கம்மா" என்றார். லாரி திரும்பியது. முதல் பள்ளத்தில் இறங்கியது. மாமியாரின் கைகளுக்குள் ஸ்டீயரிங் தடதடவென அதிர்ந்தது. அடுத்த பள்ளத்தில் திரை கறுத்துப்போயிற்று. உள்ளே விசிறி ஊளையிட்டது.

"வேலை இல்லாதப்பவும் மயக்கம் போடுது" என்றாள் சில்லறை. "எங்க வீட்டுக்காரர் மாதிரி."

மகனும் விடுதலை. மிஞ்சியது மலைப்பாதை. கணினிக்குள் இருக்கும் கார்டுக்கு மலை எது, சமவெளி எது என்று எப்படித் தெரியும்? பரிசோதகர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார். அது பூட்டப்பட்டிருந்த மேசையைப் பார்த்தார். மேசையின்மேல் நின்ற இரும்புப் பெட்டியைப் பார்த்தார்.

"சில்லறை, மெஷினைப் போட்டுட்டு, விளையாட்டைத் தொடாம, மேசையை மட்டும் கையால தடதடன்னு தட்டு."

அவள் தட்டினாள். திரை கறுத்தது.

"அடக் கடவுளே! நான் தட்டினதுக்கே விழுந்துடுச்சு!"

பள்ளத்தில் லாரி இறங்கினால் ஸ்டீயரிங் அதிரும்படி செய்திருக்கிறார்கள், ஓட்டுபவருக்கு உண்மைபோல் தோன்ற வேண்டும் என்று. அந்த அதிர்வு மேசைக்கும், மேசையிலிருந்து பெட்டிக்கும் போகிறது. பெட்டிக்குள் கார்டு ஆடுகிறது. மலைப்பாதையின் மர்மம் அவ்வளவுதான்.

கார்டு ஆடுகிறது என்றால், அது சரியாகப் பொருத்தப்படவில்லை. தொலைபேசியில் தாம் சொன்னது சரிதான்! பரிசோதகரின் நெஞ்சிலிருந்து முள் சட்டென்று நழுவியது. அடுத்த கணமே, முள் நழுவியதற்காக அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது என்பது உறுதியானதில் நிம்மதி கொள்ளும் மனம் எத்தகைய மனம்?

மாமியார் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாதே தம்பி?"

அவர் பெட்டியின் பக்கவாட்டு இரும்பு மூடியைக் கழற்றினார்.

கார்டு உள்ளே, ஒரு தடித்த புத்தகத்தின் அளவில், கனத்துக் கிடந்தது. அது சொருகப்பட்ட பள்ளத்தை விளக்கடித்துப் பார்த்தார். பூட்டுக் கொக்கி கச்சிதமாக விழுந்திருந்தது. பெட்டியோடு பிணைக்கும் திருகாணிகள் இரண்டையும் திருப்புளியால் தொட்டுப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை. மின்கம்பி முழுவதுமாக உள்ளே இருந்தது. இதைவிட ஒழுங்காக அவராலும் பொருத்தியிருக்க முடியாது.

நழுவிய முள் இருமடங்காகத் திரும்பிவந்து தைத்தது.

"பொருத்தினதுல ஒரு குறையும் இல்ல" என்றார் மெல்ல.

"அப்ப ஏன் ஆடுது?" சில்லறை குனிந்து பார்த்தாள். "சார், இங்க பாருங்க. சுவர்ப் பக்கம் கெட்டியா இருக்கு. இந்தப் பக்க மூலை தொங்குது. சாப்பாட்டுக்கு அப்புறம் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்க தலை மாதிரி."

உண்மைதான். இத்தகைய கனத்த கார்டுகளை ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் மறுபக்கம் தாழும். தாழாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுக்கும் சிறு தாங்கி ஒன்றைக் கூடவே வைப்பார்கள். அந்தத் தாங்கி இங்கே இல்லை.

பரிசோதகர் விளக்கைக் கார்டின் அடியில் இருந்த தளத்தின்மேல் சாய்த்துப் பிடித்தார். தையல் வேலை நடக்கும் வீடல்லவா, துணித்தூசி மெல்லிய படலமாகப் படிந்திருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு வட்டத்துக்குள் தூசி மெலிந்து தெரிந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து எடுத்தாற்போன்ற வட்டம். பெரிய பொத்தானின் அளவு.

"இங்க ஒண்ணு நின்னிருக்கு. கொஞ்ச நாள் நின்னிருக்கு. அப்புறம் யாரோ எடுத்துட்டாங்க."

வட்டத்தின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஓரிரண்டு இழைகள் ஒட்டியிருந்தன. சில்லறை அவற்றை இடுக்கியால் எடுத்தாள். "பச்சை நூலு. தைக்கறவங்க வீட்ல நூலு இருந்தா துப்பு ஆகாதே."

மருமகள் வாசலிலிருந்தே எட்டிப் பார்த்தாள். "அது நூல் இல்லீங்க. நூல்னா முறுக்கு இருக்கும். இது கம்பளி மாதிரி, முறுக்கே இல்ல. இந்த மாதிரி துணிய நான் தைக்கறதே இல்ல."

கார்டின் தொங்கும் மூலைக்கும் தளத்துக்கும் இடையே பரிசோதகர் சுட்டுவிரலை நிறுத்திப் பார்த்தார். கார்டை நேராக நிமிர்த்திப் பிடித்தபோது விரல் அப்படியே பொருந்தியது. சுட்டுவிரல் உயரம், வட்ட அடிப்பாகம், அதில் பச்சைக் கம்பளி. தலை தட்டையாக இருக்க வேண்டும், இல்லையேல் கார்டு அதன்மேல் நிற்காது.

அவர் எழுந்து கூடத்துக்கு நடந்தார். சில்லறையும், மருமகளும், மகனும், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாமியாரும் பின்தொடர்ந்தார்கள். பலகையிலிருந்து வெள்ளை யானையொன்றை அவர் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினார். அதன் அடியில், பலகை கீறாமலிருக்க ஒட்டிய பச்சைக் கம்பளித் துண்டு இருந்தது. ஓரத்தில் சிறிது பிய்ந்திருந்தது.

"கோர்ட்டுல யானை சாட்சி சொல்லி இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் சில்லறை. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. மாமியார் அழுதுகொண்டிருந்தார்.

"நான்தான் கொடுத்தேன்" என்றார். "அந்தப் பொண்ணு கார்டைப் பொருத்தும்போது, பெட்டியில வர வேண்டிய ஸ்டாண்டைக் காணோம். 'அம்மா, இந்த உயரத்துல கெட்டியா ஏதாவது இருக்குமா?'ன்னு கேட்டுச்சு. மூடி, டப்பா, என்னென்னவோ வெச்சுப் பாத்தோம். இதுதான் அளவெடுத்த மாதிரி நின்னுச்சு. இது இவங்க அப்பா ஆசையா வெச்சிருந்த செட்டு. இவன் உசிரு. இவன்கிட்ட கேக்காம எடுத்துக் கொடுத்துட்டு, அந்த இடத்துல ஒரு நூற்கண்டை வெச்சேன்."

"நூற்கண்டைப் பாத்தேன்மா" என்றார் மகன். "இவ துடைக்கும்போது காயைத் தொலைச்சிட்டான்னு நெனச்சேன். கேட்டா மனசு கஷ்டப்படுவாளேன்னு கேக்கல."

"நீங்க தொலைச்சிட்டு, எனக்குத் தெரியக்கூடாதுன்னு என் நூற்கண்டை வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் நான்" என்றாள் மருமகள். "அதான் நானும் கேக்கல."

"இந்த வீட்ல ஒருத்தர ஒருத்தர் ஒரு தடவை திட்டியிருந்தா, எனக்கு இன்னைக்கு லீவு கிடைச்சிருக்கும்" என்று சில்லறை முணுமுணுத்தாள்.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் ஒரு நாள் பாத்தா, யானை பலகைக்கே திரும்பி வந்திருச்சு. இவன்தான் கண்டுபிடிச்சு, என்னை ஒரு வார்த்தை கேக்காம எடுத்து வெச்சுட்டான்னு நெனச்சேன். அத எடுத்ததுலேர்ந்துதான் மெஷின் இருட்டுதோன்னு எனக்கு உறுத்தல்தான். ஆனா அதச் சொன்னா, கெடுத்தது என் மகன்னு ஆயிடுமே! அதான் ரோடு மேல பழியப் போட்டேன்."

"அம்மா, நான் எடுக்கவே இல்லையே! இவதான் தேடிக் கண்டுபிடிச்சான்னு இருந்தேன்."

"ஐயோ, நான் அந்தப் பெட்டியத் திறந்தே பாத்ததில்லீங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யானை தானாக நடந்து வந்திருக்க முடியாது. பெட்டியின் மூடியைத் திறக்கத் திருப்புளி வேண்டும். அது இந்த வீட்டில் இல்லை. அப்படியானால் எடுத்தவர் யார்?

"முதல் புகாருக்கு வந்தப்ப மெஷின் இப்படியா இருட்டுச்சு?" என்று சில்லறை கேட்டாள். முதல்முறை அவள் வரவில்லை. பரிசோதகர் தனியாகத்தான் வந்திருந்தார்.

"இல்லம்மா. அப்ப விளையாட்டு மட்டும் தானா மூடிக்கும், அவ்வளவுதான். சார் வந்து புது மென்பொருள் போட்டாரு, சரியாயிடுச்சு. இந்த இருட்டறதெல்லாம் அதுக்கப்புறம்தான்."

"எதுக்கப்புறம்?"

மாமியார் தயங்கினார். சொல்ல அவருக்கு மனமில்லை. வீட்டுக்கு வந்தவரைச் சங்கடப்படுத்தும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "சார் வந்துட்டுப் போனதுக்கப்புறம்" என்றார் தரையைப் பார்த்து.

சில்லறை திரும்பினாள். பரிசோதகர் கையிலிருந்த யானையைப் பலகையின் மூலைக் கட்டத்தில் வைத்து, கோணலின்றி நிற்கும்படி விரல்நுனியால் திருப்பிக்கொண்டிருந்தார். விரல் அப்படியே நின்றது.

ஒரு வினாடியில் அவருக்கு அன்றைய நாள் முழுவதும் தெரிந்தது. மென்பொருளைப் போட்டுவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பெட்டியைத் திறந்தது. உள்ளே ஒரு சதுரங்கக் காய் நின்றது. யாரோ விளையாட்டாகப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணியது. வெளியே வரும்போது பலகையில் நூற்கண்டைக் கண்டு, அதை எடுத்துத் தையல் கூடையில் இட்டு, யானையை அதன் இடத்தில் நிறுத்தியது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மகிழ்ச்சியோடு படியிறங்கியது. யாரிடமும் சொல்லக்கூட இல்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைப்பதற்கு யாரிடம் சொல்ல வேண்டும்? கை பழக்கத்தில் செய்த வேலை, அவருக்கே மறந்துபோயிருந்தது.

இன்று வாசலில் நுழைந்தபோதும் அந்த யானையைக் கண்டுதானே மனம் ஆறினார்!

"சார்" என்றாள் சில்லறை. அவளுடைய குரலில் முதன்முறையாகக் கேலி இல்லை. "காலையில சொன்னீங்களே, அந்தக் கரடி. அது எங்க நின்னு விசாரிச்சுது?"

"குளத்துக்குள்ள" என்றார் பரிசோதகர். "நட்டநடுவுல. கலக்கினது அதோட கால்தான். எல்லாரும் கண்டுக்காம இருந்தாங்க, பெரிய மனுஷன் ஆச்சேன்னு." பிறகு மூவரையும் நோக்கிக் கைகூப்பினார். "நான்தாங்க எடுத்தேன்."

அந்த வீட்டார் அவர்மீது கோபம் கொள்ளவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. மருமகள் இன்னொரு குவளை தண்ணீர் கொண்டுவந்தாள். மகன் யானையை எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்து, "அப்பா இருந்தா அவரே எடுத்துக் கொடுத்திருப்பார் சார்" என்றார். கார்டின் அடியில், தூசி காட்டிய வட்டத்தின்மேலேயே, பரிசோதகர் அதை நிறுத்தினார். தொங்கிய மூலை நிமிர்ந்தது. மாமியார் மலைப்பாதையில் லாரியை விட்டார். பள்ளத்துக்குப் பள்ளம் ஸ்டீயரிங் குலுங்கியது, மேசை குலுங்கியது, திரையில் மலை மட்டும் வெளிச்சமாக நின்றது. உச்சியைத் தொட்டதும் மாமியார் ஹாரனை நீளமாக அடித்தார்.

"கடை ஸ்டாண்டு வந்ததும் யானையைத் திருப்பிக் கொடுத்துடறேன்" என்றார் பரிசோதகர்.

"வேணாம் தம்பி. அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

புறப்படும்போது சதுரங்கப் பலகையில் மறுபடியும் நூற்கண்டு நின்றது. கட்டத்துக்குச் சற்று வெளியே, சாய்வாக. அவருடைய கை அதை நோக்கி எழுந்தது. பாதி வழியில் நின்று, சட்டைப் பைக்குள் போயிற்று. சில்லறை அதைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி கல்லாவில் காத்திருந்தார். பரிசோதகர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரி, தப்பு அந்த வீட்டு ஆளுங்க மேலன்னு வெச்சுக்கலாமா சார்? உங்க பேரு எதுக்கு நடுவுல?"

"தப்பு என்னோடது. அவங்க பேருலயும் போடாதீங்க, அந்தப் பொண்ணு பேருலயும் போடாதீங்க. அவளை மேசைக்கு வரச் சொல்லுங்க. இல்ல, வேணாம். நானே போய்ச் சொல்றேன்."

பின்கட்டில் கிழித்த அட்டைகள் மார்பளவு உயர்ந்திருந்தன. அவற்றுக்கு அப்பால் திருகாணி தரையில் அமர்ந்திருந்தாள். பரிசோதகரும் தரையில் அமர்ந்தார். உயரத்தில் நின்று சொல்லக்கூடிய செய்தியாக அது அவருக்குத் தோன்றவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"அந்த யானை சரிஞ்சு விழுந்திருக்கும்னு நெனச்சேன் சார்" என்றாள் பிறகு. "கடை ஸ்டாண்டு இல்லாம வீட்டுப் பொருளை வெச்சது என் தப்புதானேன்னுதான் வாயத் திறக்கல. ஒரு வாரமா தூக்கமே இல்ல."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா."

திருகாணி அவரை நேராகப் பார்த்தாள். "இஸ்திரிப்பெட்டியை விசாரிச்சீங்க. ரோட்டை விசாரிச்சீங்க. யானையைக்கூட திருப்பிப் பாத்து விசாரிச்சீங்க. என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களா சார்?"

"கேக்கல" என்று மட்டும் சொன்னார். "மன்னிச்சிடும்மா."

"பாக்கலாம்" என்றாள் அவள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கையிலிருந்த அட்டையை முழுவதும் கிழித்து முடித்த பிறகே எழுந்தாள். உடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, விளக்குகள் எரியும் வேலைக்கூடத்துக்கு நடந்தாள். பரிசோதகரும் சில்லறையும் சற்று இடைவெளி விட்டுப் பின்தொடர்ந்தார்கள்.

ஒரு வாரமாக ஆளில்லாமல் கிடந்த தன் மேசையை நெருங்கியதும் திருகாணி நின்றாள். அங்கே திருப்புளிகள் உயர வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஆணிகள் அளவு வாரியாகத் தனித்தனிக் கிண்ணங்களில் இருந்தன. துடைக்கும் துணி நான்காக மடிக்கப்பட்டிருந்தது. கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் கிடக்கும் அவளுடைய குட்டைத் திருப்புளி, எல்லாவற்றுக்கும் பின்னால், மிகச் சரியான இடத்தில், எட்டாத தொலைவில் நின்றது.

அவள் திரும்பினாள். வேலைக்கூடம் முழுவதையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினாள். பொருத்துநர்கள் அனைவரும் தத்தம் வேலையில் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். சில்லறை கூரையைப் பார்த்தாள்.

திருகாணி வாய் திறப்பதற்குள் பரிசோதகர் கையை உயர்த்திவிட்டார்.

"நான்தான்" என்றார்.